ஓடாத வண்டியைக் கழற்றாதீர்கள்

பழைய புல்லட் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று யாராவது அழைத்துப் போவார்கள். போய்ப் பார்த்தால் வண்டி இருக்காது. சேசிஸ் சுவரில் சாய்ந்திருக்கும், எஞ்சின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், மீதியெல்லாம் இரண்டு சாக்கு மூட்டையில் இருக்கும். நான் பார்த்த வரையில் இப்படி ஆறு ஏழு வண்டி தேறும். அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஆசையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்தவர்கள்தான். இரண்டே நாளில் கடைசி நட்டு வரை கழற்றினார்கள். கையிலிருந்த பணம் சேசிஸ் பெயிண்டுக்கும் குரோம் முலாமுக்கும் போனது. அதன் பிறகுதான் கிராங்க்கில் ஆட்டம் இருப்பது தெரிந்தது. நாள் ஆக ஆக எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதும் மறந்துபோனது.

பணத்துக்குக் குறைவில்லாதவர் முழுவதையும் கழற்றிப் புதிதாகக் கட்டலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்கிறவர்களுக்கு வேறு வரிசை வேண்டும். முதலில் வண்டி ஓட வேண்டும். அடுத்தது, பிரேக்கை மிதித்தால் நிற்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருப்பது அதற்குப் பிறகு. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

உதாரணமாக எடுத்துக்கொள்வது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் தயாரான இந்த எஞ்சினின் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மாறவில்லை. அதனால்தான் இன்றைக்கும் சின்ன ஊர்களில்கூட அதன் பிஸ்டனும் பேக்கிங்கும் கிடைக்கின்றன. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 18 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய எஞ்சினிலிருந்து இவ்வளவு குறைந்த சக்தியை எடுப்பதால் அது தன்னை வருத்திக்கொள்வதில்லை. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வீட்டுத் தாழ்வாரத்தில் வேலை பழக இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி வைத்திருப்பவர்கள் எஞ்சின் விவரங்களை விட்டுவிட்டு வேலை வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

என்னுடையது சித்தப்பாவின் 1984 மாடல். மாட்டுக்கொட்டகையில் பதினொரு வருடம் நின்றது. மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கி, 14 மாதத்தில் முடித்தேன். நானும் முதல் வாரமே எல்லாவற்றையும் கழற்றத்தான் நினைத்தேன். எங்கள் ஊர் வயதான மெக்கானிக் ஒருவர் கொட்டகைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஓடுற வண்டியக் கழட்டுனா எங்க நோவுன்னு தெரிஞ்சு கழட்டுவ. ஓடாத வண்டியக் கழட்டுனா, எதத் தேடுறோம்னே தெரியாமத் தேடிக்கிட்டு இருப்ப." என் வேலை முழுவதும் அந்தப் பேச்சின் மேல்தான் நின்றது.

ஆர்.சி. புத்தகம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வையுங்கள். ஸ்டியரிங் கழுத்துப் பகுதியில் சேசிஸ் எண்ணும், கிராங்க்கேஸில் எஞ்சின் எண்ணும் அடித்திருக்கும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் படிவம் 25. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இரு சக்கர வண்டியின் புதுப்பித்தல் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. அதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். காலாவதியாகி வருடக்கணக்கில் கிடந்த வண்டி என்றால் தாமதக் கட்டணமும் சேரும். வண்டியை வாங்குவதற்கு முன்பே இந்தத் தொகையை விசாரித்து, விலையோடு கூட்டிப் பாருங்கள். வண்டி மலிவாகக் கிடைத்ததாக மகிழ்ந்து, பின்னால் காகிதத்துக்கே பாதிப் பணத்தைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆய்வுக்குப் போகும்போது சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். அது தெளிவாக விழ வேண்டும். ஆகவே எண் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ தொடாதீர்கள். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே விட்டுவிடுவது காசுக்கும் நல்லது, வண்டிக்கும் மரியாதை.

எஞ்சினை எழுப்புதல்

பதினொரு வருடம் தூங்கிய எஞ்சினை உதைத்து எழுப்பக் கூடாது. ஆர்வத்தில் கிக்கர் மேல் ஏறிக் குதித்தால், துருப்பிடித்து ஒட்டியிருக்கும் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு சின்ன கப் அளவு பிளக் துளை வழியாக ஊற்றுங்கள். மூன்று நாள் விடுங்கள். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசையவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். என் வண்டி ஒன்பதாம் நாள் அசைந்தது. அந்தப் பொறுமை எனக்கு ஒரு ரீபோர் செலவை மிச்சப்படுத்தியது.

அடுத்தது ஆயில். இதில் புல்லட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் ஆயில் தொட்டி கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. நாள்பட நின்றால் தொட்டியிலிருக்கும் ஆயில் பம்ப் வழியாகச் சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். ஆயில் இல்லை என்று நினைத்து மேலே ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் வழியாகப் புகை மண்டும், எஞ்சின் பேக்கிங்குகள் எல்லாம் கசியும். ஆகவே அடியிலுள்ள டிரெயின் பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து, பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். வடியும் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். வெளுத்த பால் போலிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினுப்பான துகள் தட்டுப்பட்டால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அதை நோட்டில் எழுதி வையுங்கள், இப்போது கழற்ற வேண்டாம்.

ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ50 ஆயில் ஊற்றுங்கள். கிளட்ச் பக்கத்து செயின் கேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆயில் தனித்தனி என்பதை மறக்காதீர்கள். மூன்றும் மூன்று அறை. ஒன்றில் ஊற்றியது மற்றொன்றுக்குப் போகாது. பிறகு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, பிளக் இல்லாமலேயே கிக்கரை நிதானமாக ஐம்பது அறுபது முறை மிதியுங்கள். அங்கே ஆயில் கசிந்து வர வேண்டும். மேலே ஆயில் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பழைய புல்லட்டையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்த வரியை வையுங்கள்.

பெட்ரோல் டேங்க்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். செந்நிறத் துரு இருந்தால் ஆசிட் கடைக்கு ஓட வேண்டாம். ஆசிட் துருவோடு தகட்டையும் தின்னும், வெல்டிங் மூட்டுகளில் ஓட்டை விழும். மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகரே போதும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்தத் துளையை அடைத்து, ஒரு சாண் நீளச் சங்கிலியை உள்ளே போட்டு, வினிகரை நிரப்பி ஒரு நாள் ஊற விடுங்கள். இடையிடையே குலுக்குங்கள். கொட்டிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் காய வைத்து, உடனே உள்சுவரில் கொஞ்சம் ஆயில் படும்படி உருட்டுங்கள். கழுவிய தகடு ஈரமாக இருந்தால் அன்றைக்கே மறுபடி துருவேறும். சங்கிலியை வெளியே எடுக்க மறக்க வேண்டாம். அதன் ஒரு முனையில் கம்பி கட்டி வெளியே விட்டுக்கொண்டால் சுலபம்.

பெட்ரோல் டியூப்பையும் டேப் வாஷரையும் பழையதாக விடாதீர்கள். இப்போது பங்க்கில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் அதற்குத் தாங்காது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். வேலை நடக்கும் மாதங்களில் டேங்க்கில் இரண்டு லிட்டருக்கு மேல் வைக்காமல், அவ்வப்போது மாற்றுங்கள். கார்பரேட்டரைக் கழற்றினால் ஜெட் துளைகளைக் கம்பியால் குத்த வேண்டாம். ஒயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையும் டயர் கடைக் காற்றும் போதும்.

பொறிக்கு வருவோம். பேட்டரி வாங்குவதற்கு முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். பழைய வண்டிகள் 6 வோல்ட். காயில், பல்பு, ஹாரன் மூன்றும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாயிண்ட் முனைகளில் பதினொரு வருடத்துக் களிம்பு ஏறியிருக்கும். மெல்லிய எம்ரி தாளால் இரண்டே இழுப்பு, பின்பு பெட்ரோலில் நனைத்த சுத்தமான தாளை நடுவில் வைத்து இழுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்; ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். டைமிங், அட்வான்ஸ் முழுக்க மடங்கிய நிலையில், பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். டைமிங் முந்தி வைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த அடி கணுக்காலை உடைக்கக்கூடியது. செருப்புக் காலோடு புல்லட்டை உதைக்காதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்தும் உதைக்காதீர்கள்.

இனி ஸ்டார்ட் செய்யும் முறை. பெட்ரோலைத் திறந்து, சோக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். லைட் எரியக் கூடாது. ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் போகும், முள் கழித்தல் பக்கம் சாயும். ஒரு இடத்தில் கிக்கர் கனத்து நிற்கும். அங்கே டிகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பாயிண்ட் திறக்கும், முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் மேல்முனையை ஒட்டி வந்துவிட்டது என்று பொருள். லிவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒரே நிதானமான முழு மிதி. பலம் தேவையில்லை. ஐம்பது கிலோ எடையுள்ளவரும் புல்லட்டை ஸ்டார்ட் செய்வது இந்த முள்ளைப் பார்க்கத் தெரிந்ததால்தான்.

எங்கள் கொட்டகையில் அது நாலாவது மிதியில் எழுந்தது. சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிலைப்படியில் நின்றார். "அவர் வண்டி சத்தம்" என்றார். சித்தப்பா இறந்து அப்போது எட்டு வருடம்.

மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். பெட்ரோல் வேலை நடக்கும் இடத்தில் அடுப்பும் சாமி விளக்கும் எட்டவே இருக்கட்டும்.

கேட்பதும் முடிவெடுப்பதும்

ஓடும் எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். மேலிருந்து டிக் டிக் என்று வந்தால் டேப்பட் தளர்ச்சி. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். எஞ்சின் ஆறிய பிறகு, பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்முனையில் நிறுத்தி, சிலிண்டர் அடியில் வலப்புறமுள்ள சின்ன மூடியைத் திறங்கள். புஷ் ராடு விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடான எஞ்சினில் இதைச் செய்தால் கணக்கு தப்பும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. முதல் பத்து நிமிடப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாம் ஊற்றிய ஆயில் எரிகிறது. அடியிலிருந்து கனமான டொக் டொக் வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அது கிராங்க். கிராங்க்கைப் பிரித்துப் பிரஸ் செய்து நேர் பார்ப்பது வீட்டு வேலை இல்லை. அதை நல்ல லேத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

கம்ப்ரஷன் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. கிக்கர் கனத்து நிற்கும் இடத்தில் அதன் மேல் ஏறி நில்லுங்கள். நாலைந்து விநாடி உங்களைத் தாங்கினால் ரிங்கும் வால்வும் நல்ல நிலையில் இருக்கின்றன. உடனே இறங்கினால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

ரீபோர் தேவைப்பட்டால் ஒரு விஷயத்தில் கவனம். சிலிண்டரை முதலில் போர் செய்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடாதீர்கள். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். 20, 40 என்று கடையில் கேட்டால் தருவார்கள். அந்தப் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்துக்காரரிடம் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் செய்யச் சொல்லுங்கள். வேறு பிஸ்டனுக்கு அளந்த போர், ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் தட்டும். புதுப் பிஸ்டன் போட்ட பின் முதல் 500 கிலோமீட்டர் 50 வேகத்துக்குள் ஓட்டுங்கள், இடையிடையே நிறுத்தி ஆற விடுங்கள்.

எஞ்சினைக் கழற்றும்போது கைபேசியில் ஒவ்வொரு நிலையையும் படம் பிடியுங்கள். பழைய இட்லித் தட்டின் குழிகள் நட்டு போல்ட்டைப் பிரித்து வைக்க மிக வசதி. எந்தக் குழியில் எது என்று சீட்டு எழுதி வைப்பேன். பழைய புல்லட்டில் இங்கிலீஷ் அளவு நட்டும் மில்லிமீட்டர் நட்டும் கலந்திருக்கும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மூலை மழுங்கும், சரிப்படுத்தும் ஸ்பேனர் அதைவிட மோசம். இரண்டு வகை ரிங் ஸ்பேனர் செட்டும் வாங்குங்கள். கருவிக்குச் செலவழித்த பணம் அடுத்த வண்டிக்கும் உதவும். இறுகிய போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் சற்றே முறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி அப்போதுதான் விடும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். புது மரை வைத்துத் தரும் லேத் எல்லா ஊரிலும் உண்டு.

உதிரி பாகம் வாங்கப் போகும்போது பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையில் புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய ஒரிஜினலுக்குப் புதுப்பேட்டை. இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம். அன்றைக்கே எல்லாம் வாங்கிவிட வேண்டாம். முதல் தடவை விலை கேட்டு எழுதிக்கொண்டு திரும்பி வாருங்கள். அந்தக் காலத்து வார்ப்பும் இரும்பும் தரமானவை. தேய்ந்த பழைய ஒரிஜினலை லேத்தில் சரிசெய்வது, அடையாளம் தெரியாத மலிவான புதிய பாகத்தைப் போடுவதைவிட எத்தனையோ முறை நல்ல முடிவாக இருந்திருக்கிறது.

நிற்க வேண்டிய வண்டி

ஓட ஆரம்பித்ததும் தெருவுக்கு எடுத்துப் போகக் கை அரிக்கும். பிரேக் வேலை முடியாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். பதினொரு வருடம் நின்ற டிரம்மைத் திறந்தால் உள்ளே தூள் படிந்திருக்கும். ஊதித் தள்ளாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மூக்கில் துணி கட்டி, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஷூவைப் புதிதாக வாங்குங்கள் அல்லது நல்ல கடையில் லைனிங் மாற்றுங்கள். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் ஒரு இழைப்பு. பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள் இரண்டும் புதிது. கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டயர் அளவு முன்னும் பின்னும் 3.25-19. கட்டை நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை ஓட்ட வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு இலக்கமே இல்லாமல் மூன்று இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும்; மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கோன் செட்டின் ஆட்டம் தெரியும். அதைத் திறக்கும்போது கீழே ஒரு துணி விரித்து, குண்டுகளை எண்ணுங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் கதை தெரிந்துவிடும்.

வயரிங்கை ஒட்டுப் போட வேண்டாம். புதிய வயரிங் செட் வாங்கி, பழைய செட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் நீங்களே போடலாம். ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். சேசிஸில் எர்த் சேரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியும்படி வையுங்கள். பவுடர் கோட்டிங் செய்த வண்டியில் லைட் எரியாததற்குப் பாதி காரணம் அதுதான்.

கியர் வலக்கால், பிரேக் இடக்கால். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஊர்ப் பள்ளி மைதானத்தில் நான்கு சாயங்காலம் பழகிவிட்டுத்தான் நான் ரோட்டுக்குப் போனேன்.

பணம்

என் அனுபவத்தில் பத்து ரூபாய் இருந்தால் நான்கு ரூபாய் எஞ்சினுக்கும் லேத்துக்கும், மூன்று ரூபாய் டயர், பிரேக், செயின், பேரிங்குக்கும், ஒரு ரூபாய் வயரிங்கும் பேட்டரியும், ஒரு ரூபாய் காகிதத்துக்கு. மிச்சம் ஒரு ரூபாய்தான் பெயிண்டுக்கு. அதை முதலில் எடுத்துச் செலவழித்தவர்களின் வண்டிதான் சாக்கில் இருக்கிறது. குரோம் முலாமை நான் முழுக்கத் தவிர்க்கச் சொல்வேன். நல்ல முலாம் விலை கூடுதல், மலிவான முலாம் இரண்டு மழைக்காலத்தில் உரியும். ரிம்மையும் ஹேண்டில்பாரையும் கசக்கிய அலுமினிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல் துரு போய்விடும். புள்ளிகள் கொஞ்சம் தங்கும். நாற்பது வருட வண்டிக்கு அது குறை ஆகாது.

பெயிண்ட் விஷயத்தில் நான் செய்த ஒரு தவறை எழுத வேண்டும். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுகளின் டேங்க்கில் இருக்கும் தங்கநிறக் கோடு எந்திரம் போட்டது இல்லை. மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்து, ஒரே மூச்சில் கையால் இழுத்தது. சித்தப்பாவின் டேங்க்கில் இடப்பக்கம் அந்தக் கோடு அப்படியே இருந்தது. வலப்பக்கம் ஒரு நசுங்கல். நசுங்கலை மட்டும் எடுத்து, அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கொடுக்கும்படி ஒரு பெயிண்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக் கொடுக்கவில்லை, பக்கத்தில் இருக்கவும் இல்லை. மூன்றாம் நாள் போனபோது இரண்டு பக்கமும் இரும்பு வரை சுரண்டியிருந்தது. "புதுசா பளபளன்னு அடிச்சுத் தரேன் சார்" என்றார் அவர், நல்லெண்ணத்தோடுதான். பளபளவென்றுதான் அடித்துக் கொடுத்தார். கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சித்தி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.

இப்போது அந்த வண்டி வாரம் ஒருமுறை பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குப் போய் வருகிறது. மட்கார்டில் பழைய பெயிண்ட், பழைய கீறல்கள். அவற்றை நான் தொடவில்லை. உங்கள் டேங்க்கில் அந்தக் கைக்கோடு கால்வாசி மிச்சமிருந்தாலும் போதும், அதைச் சுரண்ட விடாதீர்கள்.